மூன்றைக் கழித்துப் படிக்கவும்

வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும், உன் பள்ளியின் இரண்டு அறைகளும், அவற்றுக்குள் இருக்கும் முப்பத்தொரு பிள்ளைகளும், அந்த அலமாரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அலமாரியைப் போய் எவனாவது நலம் விசாரிப்பானா என்று சிரிக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியதிலிருந்து நான் அனுப்புவதாகச் சொன்ன ஆய்வகச் சாமான்களுக்காக நீ லேபிள் ஒட்டிக் காலியாக வைத்திருக்கிற அந்த அலமாரி நினைப்பாகவே எனக்கு இருக்கிறது.

அன்றைக்கு நீ கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணா, சாமான் வருமா வராதா?" நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீயே மேற்கொண்டு பேசினாய். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். வரலைன்னா லேபிளை எல்லாம் கிழிச்சுட்டு அலமாரியில சாப்பாட்டுத் தட்டை அடுக்கிடுவேன். தினம் காலையில பிள்ளைங்க வந்து கதவைத் திறந்து பாக்குதுங்க, மூடிட்டுப் போய் உக்காருதுங்க. என்னால அதைப் பாக்க முடியல." ஒரு பெண் உன்னிடம், "டீச்சர், அதெல்லாம் வழியில தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டாளாமே. நான் அதற்குப் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாய். "நீ எதைக் குடுத்தாலும் கையில பிடிச்சுக்கிட்டேதான் குடுப்பே. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

இது அந்த ரேடியோ காந்தத்தைப் பற்றியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. உடைந்த ரேடியோவிலிருந்து நான் கழற்றிய காந்தத்தை உனக்குத் தருவதாகச் சொல்லி, நீ ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தெட்டு வருடம் ஆகிறது. இன்னும் நீ அதை மறக்கவில்லை, நானும் அந்தக் காந்தத்தை இன்னும் விட்டபாடில்லை. என் மேசை டிராயரில்தான் இருக்கிறது.

போனில் உன்னிடம் விளக்கம் சொல்ல முடியாது. பாதியிலேயே "சரி சரி" என்று சொல்லிவிடுவாய். இதை உன் அண்ணியிடம் சொல்லிப் புலம்பியபோது அவள்தான், "அப்போ ஒரு லெட்டரா எழுதிடுங்க. ஆரம்பத்துலேர்ந்து ஒண்ணு விடாம எழுதுங்க. அவசரப்படாதீங்க" என்றாள். தபாலில் போட்டால் சனிக்கிழமைதானே போய்ச் சேரும், வெள்ளிக்கிழமை தாண்டிவிடுமே என்று கேட்டேன். "அதைப் பத்தி உங்களுக்கு என்ன, நீங்க எழுதுங்க" என்று சொல்லி, பின்னறையில் மேசையைத் துடைத்து, காகிதம் எடுத்து வைத்து, பேனாவில் மை இருக்கிறதா என்று தன் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, ஃபேனைப் போட்டு, கதவையும் சாத்திவிட்டுப் போனாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் நான் எழுத உட்காருவதற்கு அவள் இத்தனை உபசாரம் செய்து பார்த்ததில்லை. நான் சொல்வதைக் கேட்கவும் இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று மனசுக்கு இதமாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற மாதமே எங்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் புது ஆய்வகம் வந்தது. எல்லாம் திரையில் தொட்டால் நடக்கிறது. பழைய சாமான்களை என்ன செய்ய என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். "யாருக்காவது குடுங்க, இல்லன்னா வெளிய போடுங்க" என்றார். ஆய்வக உதவியாளனாக முப்பத்தொரு வருடம் நான் துடைத்து வைத்த சாமான்கள். வெளியே போட என் கை வருமா? தேறுகிறவற்றைப் பொறுக்கி, நாலு பெட்டியில் கட்டி, மேல்வீட்டு வேன்காரர் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றே உனக்குச் சொன்னேன். நீயும் சந்தோஷப்பட்டாய். பட்ட கையோடு நிபந்தனையும் போட்டாய். அதற்கு முன் உன் பள்ளிக்கு அன்பளிப்பு என்று வந்தவை எழுத்துகள் உதிர்ந்த தட்டச்சுப் பொறி ஒன்று, ஒற்றைக்கால் செருப்புகள் ஒரு மூட்டை, போன வருடத்து டைரிகள் நாற்பது. "வேலை செய்யறதை மட்டும் அனுப்பு அண்ணா. எங்களுது சின்னப் பள்ளிக்கூடம்தான். அதுக்காக என் பிள்ளைங்க அடுத்தவங்க கழிச்சுப் போட்டதை வாங்கிக்கணும்னு தலையெழுத்து இல்ல" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு சாமானையும் நானே இயக்கிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றான பிறகுதான் அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று பிடித்தது இந்த வீட்டுக்குக் கஷ்டகாலம்.

முதலில் தராசை எடுத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டும் நடுவில் முள்ளுமாக நிற்குமே, அது. வெளியே எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் உன் அண்ணி இரண்டு தட்டையும் கழற்றி வெந்நீரில் ஊற வைத்து, நாரால் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். "பிள்ளைங்க கைக்குப் போறது, அழுக்கோடவா அனுப்பறது" என்றாள். நானும் பலே என்று மெச்சினேன். தட்டுகளை மாட்டி, அன்று மளிகைக்கடையில் வாங்கிய கால் கிலோ சர்க்கரையை வைத்து நிறுத்துப் பார்த்தேன். எட்டு கிராம் குறைந்தது. மறுபடியும் நிறுத்தேன், அதே எட்டு. பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மளிகைக்கடைக்காரர் இருபது வருடப் பழக்கம். மரியாதையாகத்தான் சொன்னேன், "என்னங்க, எட்டு கிராம் குறையுதே." அவர் தன் மெஷினில் வைத்தார், சரியாக இருநூற்றைம்பது காட்டியது. "உங்க மெஷினை நம்ப முடியாதுங்க. என்னுது ஆய்வகத் தராசு" என்றேன். இதை மெல்லச் சொல்லியிருக்கலாம். வரிசையில் நின்ற ஆறு பேரில் இரண்டு பேர் பையை அங்கேயே கவிழ்த்து மறுபடி நிறுக்கச் சொன்னார்கள். ஒருவர் போன மாதம் வாங்கிய அரிசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைப் பாதி இறக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில், தெரு முனையில், எனக்கு ஞாபகம் வந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் அந்தத் தராசின் இடது தட்டு தொலைந்துபோய் வேறொரு தட்டு மாட்டினோம். அது எடை குறைவு. அதைச் சரிக்கட்ட நான்தான் தட்டுக்கு அடியில் மெழுகுவர்த்தித் துண்டை உருக்கி ஒட்டி வைத்தேன். பதினெட்டு வருடம் அந்தத் தராசு சத்தியம் தவறாமல் இருந்தது அந்த மெழுகினால்தான். அதுதான் வெந்நீரில் உருகிச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. திரும்பக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரர், "பரவாயில்லை சார்" என்றார். ஆனால் இப்போதெல்லாம் நான் ஒரு தீப்பெட்டி வாங்கினால்கூட அதை மெஷினில் வைத்து, "பாத்துக்குங்க சார், நல்லா பாத்துக்குங்க" என்கிறார். நான் மறுபடியும் மெழுகு ஒட்டத் தயார். எட்டு கிராம் மெழுகை அளந்து எடுக்க ஒரு சரியான தராசு வேண்டும். எனக்குத் தெரிந்து பக்கத்தில் இருக்கிற சரியான தராசு ஒன்றுதான், அது மளிகைக்கடையில் இருக்கிறது. எந்த முகத்தோடு போவேன், நீயே சொல். ஆகவே தராசு இப்போதைக்கு இல்லை.

ஹாலில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்கிறது. வீடு துடைக்கிறாள் போலிருக்கிறது. நான் எழுதுகிற நேரம் பார்த்துத்தான் அவளுக்குச் சுத்தம் வரும்.

நுண்ணோக்கிக்கு வருகிறேன். அதன் கண்ணாடிகள் பழுதில்லை. நான் சோதித்த விதம்தான் பழுது. குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்து, "இங்க வந்து பாரு" என்று உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே என்னவோ ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு போனது. அவள் கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இதையா இத்தனை நாள் குடிச்சோம்?" என்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் தண்ணீர் மூன்று முறை கொதிக்கிறது. நான் வாய் கொப்பளிக்கும் தண்ணீர்கூடக் கொதித்து ஆறியதுதான். விஷயம் மாடி ஏறியது. மேல்வீட்டு வேன்காரர் இறங்கி வந்து பார்த்தார், அவர் மனைவி பார்த்தாள், பார்த்த கையோடு மொட்டைமாடித் தொட்டியைத் திறந்து முழுத் தண்ணீரையும் வெளியேற்றினார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து மறுபடி நிரப்ப இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கட்டடத்தில் ஐந்து குடித்தனமும் குடத்தோடு பக்கத்துத் தெருவுக்கு நடந்தோம். யாரும் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. அது போகட்டும். கண்ணாடித் துண்டை அழுத்திப் பிடிக்க நுண்ணோக்கியில் இரண்டு கிளிப் இருக்க வேண்டும், ஒன்று இல்லை. அதற்குப் பதில் உன் அண்ணியின் தலைக் கிளிப்பை மாட்டியிருக்கிறேன். நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் உன் பிள்ளைகள் தலைக் கிளிப் போட்ட நுண்ணோக்கியையா பார்க்க வேண்டும்? சரியான கிளிப்புக்கு மூன்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

குவிலென்ஸ் இருக்கிறதே, அதில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஜன்னலில் நிறுத்தி வைத்தேன். ஜன்னலுக்கு நேரே உன் அண்ணியின் தையல் மெஷின், மெஷின் மேல் ஒரு வங்கி அதிகாரி தைக்கக் கொடுத்த கோட்டு. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிறது என்று நான் சொல்ல, அடுப்பில் ஒன்றும் இல்லை என்று அவள் சொல்ல, இரண்டு பேருமாகச் சமையலறையை அலசிவிட்டு வந்து பார்த்தால் கோட்டின் இடது கையில் முழங்கைக்கு மேலே வட்டமாக ஒரு ஓட்டை. உன் அண்ணி கோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஓட்டைக்கு மேல் அதே துணியில் மூடி வைத்த சின்னப் பை ஒன்று தைத்து, அதை மறைத்துவிட்டாள். அதிகாரி வந்து போட்டுப் பார்த்து, "இது எதுக்கும்மா?" என்றார். "இப்போ இப்படித்தான் சார் வருது" என்றாள். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய், வீட்டில் இருக்கிற மற்ற இரண்டு கோட்டையும் கொண்டுவந்து அதே இடத்தில் பை வைக்கச் சொல்லிவிட்டார். இதிலிருந்து உனக்குத் தெரிவது, லென்ஸ் வேலை செய்கிறது. தேவைக்கு அதிகமாகவே செய்கிறது. பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். எழுத ஆரம்பித்தேன், பதினோரு பக்கம் வந்திருக்கிறது, இன்னும் வெயில் என்ற தலைப்பே முடியவில்லை.

இப்போது ஹாலில் மின்சார மணி அடித்தது. கேட்டாயா? நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அது தானாக அடிக்கிறது. இதைத்தான் சொல்ல வந்தேன். அந்த மணிக்கு நான் புது பாட்டரி போட்ட அன்று அடித்தது, அடித்தது, நிறுத்தவே முடியவில்லை. பித்தானிலிருந்து விரலை எடுத்தாலும் அடித்தது. கடைசியில் தலையணைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டு ஸ்க்ரூவைத் தேடினேன். ஐந்து குடித்தனத்திலும் கதவைத் திறந்து யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பிறகு ஒரு கம்பியை வளைத்துச் சரிசெய்தேன். சரிசெய்ததில் அது இப்போது பித்தானை அழுத்தினால் அடிப்பதில்லை, பெட்டியை அசைத்தால்தான் அடிக்கிறது. யாரோ அசைத்திருக்க வேண்டும். துடைப்பம் பட்டிருக்கும்.

கப்பியைப் பற்றிக் கேட்பாய். அது உறுதியானது. எங்கள் முதல் மாடிக்கு மேலே, மேல்வீட்டுப் பால்கனியில் கட்டி, கீழே தெருவிலிருந்து உன் அண்ணியின் துணி மூட்டையை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். வேன்காரர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே சார்" என்றாள். அவள் காய்கறிக் கூடை, பால், சில நாள் அவள் கணவரின் சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் இப்போது அதில்தான் ஏறி இறங்குகின்றன. திருப்பிக் கேட்டால் முட்டிவலி என்கிறாள். தண்ணீர்த் தொட்டி விஷயத்துக்குப் பிறகு எனக்கு அவளிடம் அழுத்திக் கேட்கத் தெம்பில்லை. இதோ, இப்போதுகூடக் கப்பி கிறீச்சிடுவது கேட்கிறது. காலையிலேயே ஏதோ பெரிய சாமான் இறங்குகிறது போலிருக்கிறது. "மெதுவா, மெதுவா, கண்ணாடி" என்று வேன்காரர் சத்தம் போடுகிறார். அவர்கள் வீட்டில் என்ன கண்ணாடியோ.

லாட காந்தம் உன் அண்ணியிடம் இருக்கிறது. தரையில் விழும் ஊசி, குண்டூசி எல்லாவற்றையும் அவள் அதைக் கொண்டுதான் பொறுக்குகிறாள். மூன்று மாதமாக அது மெஷின் காலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இது இல்லாம இனிமே என்னால தைக்க முடியாது, வேணும்னா தங்கச்சிக்கு வேற வாங்கிக் குடுங்க" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஆக, நான் மட்டும்தான் கையில் பிடித்துக்கொண்டு கொடுக்கிறவன் என்று நினைக்காதே.

அவள் வந்து காபி வைத்துவிட்டுப் போனாள். எத்தனை பக்கம் ஆயிற்று என்று பார்த்தாள். "நல்லா எழுதறீங்க. தெர்மாமீட்டர் பத்தி எழுதிட்டீங்களா? அதை விடாதீங்க. நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன். எழுதி முடிக்காம எழுந்திரிக்காதீங்க" என்றாள். வெளுத்த புடவையை மாற்றி நல்லதாகக் கட்டியிருந்தாள். கடைக்குப் போவதற்கு எதற்கு நல்ல புடவை என்று கேட்க நினைத்து, எழுத்து ஓட்டம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

வெப்பமானியைப் பற்றி எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் ஞாபகப்படுத்திவிட்டாள். மரப்பலகையில் பதித்த பெரிய வெப்பமானி, சுவரில் மாட்டுவது. அது எப்போதும் மூன்று டிகிரி அதிகமாகக் காட்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் நான் சொல்வேன், "வர்ற எண்ல மூணைக் கழிச்சுக்குங்க." அதனாலேயே பிள்ளைகள் எனக்கு மைனஸ் மூணு சார் என்று பெயர் வைத்தார்கள். சந்தையில், பேருந்தில், ஒருமுறை மருத்துவமனையில் மயக்க ஊசி போட வந்த டாக்டர்கூட, "நீங்க மைனஸ் மூணு சார்தானே" என்று கேட்டார். எனக்கு அந்தப் பெயர் பிடித்ததே இல்லை. ஏன் மூன்று என்று யாராவது கேட்டால், "கருவிக்குக் கருவி ஒரு குணம் உண்டு" என்று பெரிய ஆள் மாதிரி சொல்லி அனுப்பிவிடுவேன்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதை நான் கீழே போட்டேன். கண்ணாடிக்குழாய் உடையவில்லை, ஆனால் பலகையில் மூன்று கோடு மேலே நகர்ந்துவிட்டது. வேலை போய்விடும் என்று பயந்து, அப்படியே பசை போட்டு ஒட்டிவிட்டேன். இன்றைக்கு நகர்த்தப் பார்த்தால் பசை கல்லாகிவிட்டது, குழாய்தான் உடையும். முப்பத்தொரு வருடம், நான் செய்த தப்பை ஒவ்வொரு வகுப்புப் பிள்ளையும் எனக்காகக் கழித்துக் கொடுத்திருக்கிறது. உன் அண்ணிக்கே இது போன மாதம்தான் தெரியும்.

இவ்வளவு எழுதியபிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது. நிஜத்தைச் சொல்கிறேன். இந்தச் சாமான்களில் குறை இல்லாதது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் என்ன குறை, அதை எப்படிச் சமாளிப்பது என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். நான் உன்னைப்போல் பாடம் நடத்தியவன் இல்லை. எடுத்துக் கொடுத்தேன், துடைத்து வாங்கி வைத்தேன். பெட்டிகள் வீட்டில் இருக்கிற வரைக்கும் காலையில் எழுந்தால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அவை போய்விட்டால், எட்டு கிராம் மெழுகும் மூன்று டிகிரியும் தெரிந்த ஆள் யாருக்கு வேண்டும்? இதைத்தான் மூன்று மாதமாகக் கிளிப் கிடைக்கவில்லை, பாட்டரி சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் சொல், வழியில் தொலையவில்லை. ஒரு கிழவன் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் வாக்கு வாக்குதான். பழுதானதை உன் பிள்ளைகளுக்கு அனுப்ப மாட்டேன். எனவே யோசித்து முடிவு செய்தது இது: தயவுசெய்து லேபிள்களைக் கிழிக்காதே. அரையாண்டுத் தேர்வு வரை பொறுத்துக்கொள். அதற்குள் ஒவ்வொன்றாகச் சரிசெய்து நானே அனுப்புகிறேன். தட்டுகளை வேறு எங்காவது அடுக்கிக்கொள்.

உன் சுவரில் சாக்பீஸ் எழுத்து அழியாமல் நிற்கட்டும், மழையில் உன் கூரை ஒழுகாமல் இருக்கட்டும், உன் முப்பத்தொரு பிள்ளைகளும் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல் வீட்டுக்குப் போகாமல் இருக்கட்டும். உன் அண்ணி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். இப்போது சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வாள்.

இப்படிக்கு,
உன் மேல் என்றும் பாசம் உள்ள
அண்ணன்

பின்குறிப்பு: மணி பன்னிரண்டரை. மேலே எழுதியதில் என் கையெழுத்தையும் உன் நலம் விசாரித்ததையும் தவிர மற்றதை எல்லாம் நீ அடித்துவிடலாம்.

கடிதத்தை மடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். பெட்டி நான்கும் இல்லை. இருந்த இடத்தில் நாலு சதுரமாகத் தூசிதான் இருந்தது. முதலில் திருட்டுப் போய்விட்டது என்று நினைத்து மேல்வீட்டுக்கு ஓடினேன். பால்கனியில் கப்பி இல்லை, வாசலில் வேன் இல்லை. வேன்காரர் மனைவி காய்கறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவள், "அக்கா உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வந்தால் காலில் ஊசி குத்தியது. குனிந்து பார்த்தேன், மெஷின் காலில் லாட காந்தமும் இல்லை. அதையும் கொண்டு போயிருக்கிறாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஏனோ கண் கலங்கியது. ஊசி குத்தினதால் இருக்கலாம்.

அப்போதுதான் உன் போன் வந்தது. நீ பேசியதை உனக்கே எழுதுவது வேடிக்கைதான், ஆனால் எனக்கு எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. உன் குரலுக்குப் பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ பெட்டியை அசைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று புரிந்தது. "அண்ணா, தராசு ஒரு பக்கமா சாயுது" என்றாய். எனக்கு உயிரே போயிற்று. அதற்குள் நீயே சொன்னாய். "அஞ்சாம் வகுப்பு ஒருத்தி மெழுகு வண்ணக்குச்சியை நசுக்கி இடது தட்டுக்கு அடியில ஒட்டிட்டா. ஒண்ணு போதலை, இன்னொண்ணுல பாதி வச்சா. முள்ளு நேரா நின்னுடுச்சு." வழியில் தொலைந்துபோனதா என்று கேட்டவள் அவள்தானாமே. காலித் தட்டுகள் சமமாகிற வரைக்கும் ஒட்டிக்கொண்டே போனால் போதும், அளக்கத் தராசே வேண்டியதில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் ஒட்டியிருப்பேன். மூன்று மாதமாக அது எனக்குத் தோன்றவில்லை. நீ அனுப்பிய புகைப்படத்தில் தட்டுக்கு அடியில் பச்சை நிறம் தெரிகிறது. என் மெழுகைவிட அழகாக இருக்கிறது. நுண்ணோக்கியின் தலைக் கிளிப்பையும் யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லையாம். அது பெண் நுண்ணோக்கி என்று முடிவு செய்துவிட்டார்களாம்.

பிறகு உன் அண்ணி போனை வாங்கினாள். எவ்வளவு திட்டலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவள், "தெர்மாமீட்டரை மாட்டியாச்சு. மூணு கழிக்கணும்னு சொன்னேன். ஏன்னு முப்பத்தொரு பேரும் கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியாது, சொல்ல வேண்டியவர் வருவார்னு சொல்லிட்டேன்" என்றாள். "உனக்குத் தெரியுமே" என்றேன். "எனக்குத் தெரியும். ஆனா கீழ போட்டது நான் இல்லையே" என்றாள். பின்னால் சின்னக் குரல் ஒன்று கேட்டது. "மைனஸ் மூணு சார் எப்ப வருவாரு?" முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் என் காதுக்கு நன்றாக இருந்தது.

வேன் கிளம்பிவிட்டதாம், ஒன்றரைக்கு என்னை ஏற்றிக்கொள்ள வாசலுக்கு வரும். சட்டை மாற்றிவிட்டேன். அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று, கீழே போட்டவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மேசை டிராயரிலிருந்து ரேடியோ காந்தத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன், அது உனக்கு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நேரே கொண்டுவந்து, நீ சொன்ன மாதிரி கையில் பிடித்துக்கொண்டேதான் கொடுப்பேன். நீ பலமாக இழு.